ஆன்லைன் உலகங்களில் அந்த முதல் பிரமிப்பு ஏன் நிலைப்பதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 2006 வாக்கில் கல்லூரி விடுதியில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடியபோது இருந்த பிரமிப்பு, அதன்பிறகு எத்தனையோ ஆன்லைன் ரோல்-பிளேயிங் கேம்கள் விளையாடியும் திரும்ப வரவில்லை. 2019-ல் அதே கேமின் பழைய வடிவமான கிளாசிக் வந்தபோது ஆசையாகப் போய்ச் சேர்ந்தீர்கள்; இரண்டு வாரத்தில் அதுவும் சலித்துவிட்டது. கேம்கள் கெட்டுப்போய்விட்டனவா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இனி எங்காவது அது கிடைக்குமா, அல்லது தேடுவதையே விட்டுவிடலாமா என்பதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஆன்லைன் கேம்களில் குவெஸ்ட்களையும் (ஆட்டக்காரருக்கு கேம் தரும் சின்னச் சின்ன வேலைகள்) வரைபடங்களையும் வடிவமைக்கும் வேலையில் பல வருடங்களாக இருப்பவன். எவர்குவெஸ்ட் என்ற பழைய ஆன்லைன் கேமின் காலத்திலிருந்து விளையாடுகிறவனும்கூட. அதனால் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இங்கே சொல்லப்போவதில் சில விஷயங்கள் எல்லோரும் அறிய நடந்தவை, அவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. சில, வேலை அனுபவத்தில் நானாக வந்து சேர்ந்த முடிவுகள். எது எந்த வகை என்பதை ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் வயது. முதன்முதலாக நுழைந்த ஆன்லைன் உலகம் யாருக்குமே தனிதான். அதுவரை விளையாடிய கேம்களில் எதிரே வருகிற ஒவ்வொருவரும் கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் பொம்மைகள். இங்கே எதிரே ஓடி வருகிறவன் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் நிஜ ஆள் என்று உறைக்கிற அந்த இரவு ஒருமுறைதான் வரும். இரண்டாவது கேமுக்குப் போகும்போது லெவல், கில்டு (ஆட்டக்காரர்களின் நிலையான குழு), டன்ஜன் (சிறு குழுவாகப் போய்ச் சண்டையிடும் இடம்), ரெய்டு (பெரிய குழுவாகச் செய்யும் படையெடுப்பு) எல்லாம் ஏற்கெனவே பழகியவை. பெயர்கள் மாறியிருக்கின்றன, உள்ளே ஓடுவது அதே எந்திரம் என்பதை மூளை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடும். அல்டிமா ஆன்லைன் என்ற ஆரம்பகால கேமை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ராஃப் கோஸ்டர் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: விளையாட்டின் இன்பம் அதைக் கற்றுக்கொள்வதில் இருக்கிறது, கற்று முடிந்ததும் சலிப்பு வருகிறது. இதை நான் முழுவதுமாக ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், விடுதியில் உங்களுக்கு நேரம் இருந்தது, மறுநாள் காலை மீட்டிங் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது மட்டுமே காரணம் என்றால், இன்று பதினெட்டு வயதில் முதல்முறையாக உள்ளே வருகிறவனுக்கு உங்களுக்குக் கிடைத்தது அப்படியே கிடைக்க வேண்டும். நான் பார்த்தவரை கிடைப்பதில்லை. நாங்கள் சோதனைக்கு அழைக்கும் இளைஞர்களில் இந்த வகை கேமைத் தொட்டே பார்க்காதவர்கள் உண்டு. ரசிக்கிறார்கள், நன்றாகவே விளையாடுகிறார்கள். வாய் பிளந்து நிற்பதை மட்டும் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஆகவே வெளியிலும் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று என்னைக் கேட்டால் ஒன்றைத்தான் சொல்வேன்: முன்பெல்லாம் அந்த உலகத்தில் இன்னொரு ஆளைக் கேட்காமல் எதுவும் நடக்காது, இப்போது யாரையும் எதையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற காரணங்கள் பெரும்பாலும் இதன் கிளைகள் என்பது என் கருத்து.

வார்கிராஃப்டின் இரண்டு அணிகளில் ஹோர்ட் பக்கம் விளையாடியதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் மான்க்ரிக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பேரன்ஸ் வெளியில் கிராஸ்ரோட்ஸ் என்ற ஊரில் நிற்கும், கம்ப்யூட்டர் ஆட்டுவிக்கும் ஓர்க் இனத்துக் கேரக்டர். குவில்போர்கள் என்ற பன்றிமுக இனத்தார் தாக்கியபோது மனைவியைப் பிரிந்துவிட்டேன், அவளைக் கண்டுபிடித்துச் சொல் என்பான். எங்கே தேடுவது என்று உருப்படியாகச் சொல்லமாட்டான். வரைபடத்தில் குறி கிடையாது. பேரன்ஸோ ஓடி ஓடி மாளாத காய்ந்த புல்வெளி. தெற்கே போகும் சாலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி, சில குடிசைகளுக்குப் பக்கத்தில் ஒரு சடலம் கிடக்கும். அதன்மேல் அவள் பெயர்கூட இருக்காது, அடித்துக் கொல்லப்பட்ட சடலம் என்ற பொருளில் ஒரு பெயர்தான் இருக்கும். கிளிக் செய்து பார்த்தால்தான் இவள்தான் அவள் என்று தெரியும். அந்தப் பகுதியின் பொது சாட்டில் ராத்திரி பகல் பாராமல் யாராவது ஒருவர் மான்க்ரிக்கின் மனைவி எங்கே என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருவர் கிண்டல் செய்வார், ஒருவர் வேண்டுமென்றே தப்பான திசையைக் காட்டுவார், இன்னொருவர் நானும் அதைத்தான் தேடுகிறேன், சேர்ந்து தேடலாமா என்பார். அந்தக் கடைசி ஆளோடு கில்டு வரைக்கும் போன நட்புகள் எத்தனையோ.

இன்று ஒரு புதிய வடிவமைப்பாளர் அந்தக் குவெஸ்டை எழுதி என்னிடம் கொடுத்தால், துப்பு போதாது என்று குறிப்பு எழுதித்தான் திருப்பி அனுப்புவேன். துறையின் அளவுகோலின்படி அது அரைகுறை வேலை. ஆயிரக்கணக்கானவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைத்ததும் அந்த அரைகுறைதான். 2009 டிசம்பரில் வந்த 3.3 பேட்ச் (கேமின் புதுப்பிப்பு), குவெஸ்ட் எங்கே முடியும் என்பதை வரைபடத்திலேயே காட்டும் வசதியை கேமுக்குள் கொண்டுவந்தது. அதற்கு முன்பே பலர் ஆட்ஆன் என்ற துணை நிரலைப் போட்டு அதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன்பிறகு மான்க்ரிக் என்ன சொல்கிறான் என்று படிக்கவே அவசியமில்லை.

அதே பேட்ச்சில் வந்த இன்னொன்று டன்ஜன் ஃபைண்டர். அதற்கு முன் ஒரு டன்ஜனுக்குப் போக வேண்டுமென்றால் நகரத்தில் நின்று ஆள் தேட வேண்டும். அடியைத் தாங்கும் டேங்க் கிடைத்தால், காயத்தை ஆற்றும் ஹீலர் கிடைக்கமாட்டார். ஐந்து பேர் சேர்ந்தபிறகு அத்தனை தூரம் பயணம் செய்து வாசலுக்குப் போக வேண்டும். ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும், உண்மைதான். ஆனால் அந்த ஐந்து பேரும் உங்கள் சர்வர்க்காரர்கள், அதாவது கேம் உலகத்தின் அதே பிரதியில் விளையாடுகிறவர்கள். பொருளைத் திருடிக்கொண்டு ஓடினால் மறுநாள் ஊரெல்லாம் அவன் பெயர் நாறும். நல்ல ஹீலர் என்று பெயர் எடுத்தவளைத் தேடி ஆள் வரும். ஃபைண்டர் வந்ததும் ஒரு பட்டனை அழுத்தினால் வேறு வேறு சர்வர்களிலிருந்து நான்கு பேரை அதுவே கோத்துக் கொடுத்து, எல்லோரையும் நேராக டன்ஜனுக்குள் இறக்கிவிடும். இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் பிரியலாம். வணக்கம்கூடச் சொல்லத் தேவையில்லை, ஏனென்றால் அவர்களை நீங்கள் இனி பார்க்கப்போவதில்லை.

இது வார்கிராஃப்டில் தொடங்கிய கதையும் இல்லை. எவர்குவெஸ்ட் 1999 மார்ச்சில் வந்தபோது அதில் பார்க்க ஒரு வரைபடமே கிடையாது. கிதிகோர் என்று ஒரு காடு. பகலில் ஓரளவு பயமில்லாமல் கடக்கலாம், இருட்டினால் புதுக் கேரக்டர்களை ஒரே அடியில் சாய்க்கும் பிணங்கள் நடமாடும். கேமில் ஒரு முழு நாள் என்பது நிஜத்தில் 72 நிமிடம். அதனால் காட்டின் எல்லையில், விடியட்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் கூடி உட்கார்ந்திருப்பார்கள். மனிதக் கேரக்டர்களுக்கு இரவில் கண் சரியாகத் தெரியாது, கையில் ஏதாவது வெளிச்சம் வேண்டும். செத்துவிட்டால் கையிலிருந்த, போட்டிருந்த அத்தனையும் சடலத்தோடு அங்கேயே கிடக்கும். வெறும் ஆளாக ஓடிவந்து எடுக்க வேண்டும். ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், அந்தக் கப்பலில் நடந்த அரட்டை வேறு எங்கும் நடக்காது.

பொருள் வாங்க விற்க ஒரு சுரங்கப்பாதை இருந்தது. ஃப்ரீபோர்ட் நகரத்துக்கு வெளியே ஈஸ்ட் காமன்லேண்ட்ஸ் பகுதியில் அந்தச் சுரங்கத்துக்குள் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே கூடி, கத்திக் கூப்பிட்டு வியாபாரம் செய்தார்கள். யாரும் அப்படி ஒரு சந்தையை வடிவமைக்கவில்லை. 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில் பஸார் என்று தனி இடம் கட்டிக் கொடுத்தார்கள், உங்கள் கேரக்டரை அங்கே நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம், அது பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும். சுரங்கம் காலியானது. 2002 அக்டோபரில் எல்லா ஊர்களுக்கும் நொடியில் போகக்கூடிய ஒரு மைய இடம் வந்தது. ஊருக்குள் பஸ் வந்தபிறகு ஒற்றையடிப் பாதையில் புதர் மண்டுவதுபோல, கிதிகோர் காட்டின் எல்லையில் விடியலுக்குக் காத்திருக்க ஆள் இல்லாமல் போனது. காடு அங்கேயேதான் இருந்தது, ஒரு மரத்தைக்கூட யாரும் வெட்டவில்லை.

இதையெல்லாம் கேட்டால் வடிவமைப்பாளர்கள் மேல் கோபம் வரும். ஆனால் உள்ளே இருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன், இந்த மாற்றங்களில் ஒன்றுகூட முட்டாள்தனமானது இல்லை. ஒவ்வொன்றையும் ஆட்டக்காரர்களே கேட்டார்கள். கப்பலுக்குக் காத்திருந்து வேலைக்குப் போகும் நேரம் ஆகிவிட்டது என்று எழுதுகிறவரிடம் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? எங்களிடம் வரும் பதிவுகளில், ஒருவர் எந்த இடத்தில் கேமை மூடினார், பிறகு திரும்பி வந்தாரா என்பது தெரியும். வழி தெரியாமல் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் அப்படியே போய்விடுவதைப் பார்க்கும்போது, அங்கே ஒரு குறி வைக்காமல் இருக்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. வைத்த மறுவாரமே எண்கள் சரியாகிவிடும். வழி கேட்டு யாரோடும் பேசாமல் போனவர்களை எண்ணிக் காட்ட எந்தப் பட்டியலிலும் இடம் கிடையாது.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்ல வேண்டும். ஒரே மலைப்பகுதியை இரண்டு விதமாகச் சோதித்தோம். முதல் கூட்டத்துக்குக் குறி இல்லை, ஆற்றின் வளைவுக்கு மேலே இடிந்த கோபுரம் என்று ஒருவன் சொல்லும் வாய்ச்சொல் மட்டும். இரண்டாவது கூட்டத்துக்குத் திரையின் மூலையில் சின்ன வரைபடமும் அம்புக்குறியும். முதல் கூட்டத்தில் ஆட்கள் மேட்டில் ஏறி நின்று கேமராவைச் சுற்றினார்கள். ஆறு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அது கோபுரமா பாறையா என்று கேட்டார்கள். சிலருக்குப் பொறுமை போய்விட்டது, அதையும் மறைக்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் எல்லோருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் கண் மூலையை விட்டு நகரவே இல்லை. பின்னால் நின்று பார்த்தால் தெரியும்: மாதக்கணக்கில் எங்கள் ஓவியர்கள் செதுக்கிய அந்த மலை, அவர்களுக்கு அம்புக்குறியின் பின்னணி மட்டும்தான். விளையாடி முடித்தவர்களிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் முதல் கூட்டத்தினர் பேசிக்கொண்டே போனார்கள், இரண்டாவது கூட்டத்தினர் யோசித்தார்கள். இது எங்கள் வீட்டுக்குள் நடந்த சின்னச் சோதனைதான், ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். என் கருத்தை அது உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான்.

பழி முழுவதும் வடிவமைப்பாளர்களுக்குப் போகக்கூடாது என்பதற்கு இரண்டு பழைய சம்பவங்கள். 1997-ல் அல்டிமா ஆன்லைனுக்காக ஓர் உயிர்ச்சூழலையே உருவாக்கினார்கள். புல்லை மேயும் விலங்குகள், அவற்றைத் தின்னும் விலங்குகள், இரை குறைந்தால் ஊர்ப்பக்கம் வரும் வேட்டை மிருகங்கள் என்று பெரிய கனவு. ஆட்டக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணில் பட்ட உயிரையெல்லாம் தோன்றிய வேகத்தில் கொன்று தீர்த்துவிட்டார்கள். அப்படி ஓர் அமைப்பு இருந்ததே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. கடைசியில் அதை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, 2003-ல் வந்த ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ். அதில் ஜெடை, அதாவது ஸ்டார் வார்ஸ் கதையின் அபூர்வ சக்தி கொண்ட வீரர், ஆகலாம்; எப்படி ஆவது என்பது ரகசியம். உண்மையில் ஒவ்வொரு கேரக்டருக்கும் அதற்கென்று சில தொழில்கள் மறைவாகக் குறிக்கப்பட்டிருந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களில் அந்தச் சிலவற்றில் முழுத் தேர்ச்சி பெற்றால் கதவு திறக்கும். இது தெரியாத வரைக்கும் ஆட்கள் அவரவருக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் கட்டடக் கலைஞர், சண்டை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு மதுக்கடையில் ஆடிப் பாடித் தெம்பூட்டும் கலைஞர்கள் வேறு. எங்கேயோ யாரோ ஜெடை ஆகிவிடலாம் என்ற எண்ணமே உலகத்துக்கு ஒரு மினுமினுப்பைக் கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஹோலோக்ரான் என்ற பொருள் மூலம், உனக்கான தொழில் இதுதான் என்று துப்புகள் வெளியே வந்தன. அவ்வளவுதான். மருத்துவர் மருத்துவத்தை விட்டார், வேட்டைக்காரர் நடனம் கற்கப் போனார், அதுவும் தானாக ஓடும் மேக்ரோவைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். மதுக்கடை நிறைய ஆட்டம் இருந்தது, ஆடுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை. ஒரு ரகசியம் செய்முறைப் பட்டியலாக மாறினால் ஓர் உலகம் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது.

இனி நீங்கள் போய்ச் சலித்த கிளாசிக். உங்கள் கேள்விக்கு அது ஏறத்தாழ ஒரு பரிசோதனை மாதிரி அமைந்துவிட்டது. நிலம் அதேதான், டன்ஜன் ஃபைண்டர் கிடையாது, பறக்க முடியாது, மான்க்ரிக் அதே இடத்தில் நிற்கிறான். ராக்னராஸ் என்ற பெரிய பாஸை (ரெய்டின் முதன்மை எதிரி) 2004 நவம்பரில் கேம் வந்தபிறகு உலகத்தில் முதன்முதலாக ஒரு கில்டு வீழ்த்த சுமார் ஐந்து மாதம் ஆனது. 2019 ஆகஸ்டில் கிளாசிக் திறந்த முதல் வாரத்துக்குள்ளேயே அவன் விழுந்தான். 2006-ல் நாக்ஸ்ராமஸ் என்ற ரெய்டை முதல் கில்டு முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. 2020 டிசம்பரில் திறந்த அன்றே முடித்துவிட்டார்கள். ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: கிளாசிக்கில் கேரக்டர்களின் திறன்களும் பொருள்களும் 2006-ன் கடைசி நிலையில் இருந்தன, ஆகவே 2005-ஐவிடக் கொஞ்சம் சுலபம்தான். ஆனால் ஐந்து மாதம் ஒரு வாரமாகச் சுருங்கியதற்கு அது போதாது. பதினைந்து வருடம் சேர்ந்த அறிவுதான் பெரிய காரணம். எந்தக் கேரக்டர் வகை, எந்த ஆயுதம், எந்த வழி என்று எல்லாமே முன்கூட்டியே தெரிந்திருந்தது. நகரங்களில் கிடைக்கும் தற்காலிக பலங்களைச் சேகரித்துக்கொண்டு, அவை தீர்ந்துவிடக் கூடாது என்று கேரக்டரை அப்படியே லாக்-அவுட் செய்து வைத்துவிட்டு, ரெய்டு நாளன்று மட்டும் திறந்தவர்கள் ஏராளம். உலகம் திரும்ப வந்தது, அதில் நடமாட ஆள் இல்லை. உங்களுக்கு இரண்டு வாரத்தில் சலித்தது வயதால் மட்டும் இல்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம்.

எதிர்வாதம் ஒன்று எழும்: 2005-லும் தாட்பாட் போன்ற வழிகாட்டித் தளங்கள் இருந்தனவே? இருந்தன. மான்க்ரிக்கின் மனைவி இருக்கும் இடமும் அதில் இருந்தது. ஆனால் அங்கே வந்த தகவல் ஓட்டை உடைசல். ஒருவர் ஓர் இடம் சொல்வார், அடுத்தவர் அது பொய் என்பார். வரைபட எண்களைக் கொடுத்தாலும் கேமுக்குள் அந்த எண்ணைப் பார்க்க ஆட்ஆன் வேண்டும். அந்தக் கால இணைய வேகத்தில் கேமைச் சின்னதாக்கிவிட்டு ஒரு பக்கத்தைத் திறப்பதைவிட சாட்டில் கேட்பதே சீக்கிரம். இன்று புதுப் பகுதி வெளிவருவதற்கு முன்பே கோப்புகளைக் குடைந்து எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறார்கள், வெளியான அன்று வீடியோவும் வந்துவிடுகிறது.

சந்தேகமான பகுதிக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் எல்லோரும் எப்போதும் கூடியே விளையாடினோம் என்று நமக்கு ஒரு ஞாபகம். 2006-ல் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த நிக்கோலா டுஷெனோ, நிக் யீ முதலானோர் வார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களின் தரவுகளை ஆராய்ந்து எழுதியது வேறு மாதிரி இருக்கிறது. பலர் பெரும்பகுதி நேரம் தனியாகத்தான் விளையாடினார்கள், சுற்றி ஆட்கள் இருப்பது அவர்களுக்கு ஒரு சூழலாக, பார்வையாளர் கூட்டமாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. ஆகவே நான் சொல்லும் உறவுகள் ஞாபகத்தில் கொஞ்சம் பெருத்துத்தான் இருக்கும். என் பதில், பேசிய நேரம் குறைவாக இருந்தாலும் பேச வேண்டிய தேவை எப்போதும் தலைக்கு மேல் இருந்தது, அதுதான் பக்கத்தில் போகிற அந்நியனைக் கவனிக்க வைத்தது என்பது. இதை என்னால் நிரூபிக்க முடியாது. இன்னொன்று, இந்த வசதிகள் வந்ததால் கேம் அழிந்தது என்று சிலர் சொல்வது சரியில்லை. டன்ஜன் ஃபைண்டர் வந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, 2010 அக்டோபரில்தான், சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டதாக அறிவித்தார்கள். வியாபாரம் வேறு, பிரமிப்பு வேறு.

சரி, திரும்பக் கிடைக்குமா? வேண்டுமென்றே திட்டமிட்டுக் கொடுப்பது கஷ்டம் என்பதை அனுபவம் காட்டுகிறது. 2023 நவம்பரில் கிளாசிக்கில் ஒரு புது சீசன் தொடங்கினார்கள். புதிய திறன்களைத் தரும் ரூன்களை உலகமெங்கும் ஒளித்துவைத்து, நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். முதல் இரவு அற்புதமாக இருந்தது, சாட் முழுக்கக் கேள்விகள், ஊகங்கள். சில நாட்களில் பெரும்பாலானவை வழிகாட்டிப் பக்கங்களில் ஏறிவிட்டன, மறுவாரம் எல்லோரும் ஒரே வரிசையில் ஒரே குகைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதற்கு நேர்மாறாக, யாரும் திட்டமிடாதது 2005 செப்டம்பரில் நடந்தது. ஸுல்'குருப் ரெய்டில் ஹக்கார் என்ற பாஸ் ஒட்டுவிக்கும் ரத்த நோய், வேட்டைக்காரர்களின் வளர்ப்பு மிருகங்கள் வழியாகத் தப்பித்து நகரங்களுக்குள் வந்துவிட்டது. சிறிய லெவல் கேரக்டர்கள் நொடியில் விழுந்தார்கள், தெருவெல்லாம் எலும்புக்கூடு. கடைக்காரர்கள் சாகாமலேயே நோயைப் பரப்பினார்கள். சிலர் ஹீல் செய்ய ஓடி வந்தார்கள், சிலர் காட்டுக்கு ஓடினார்கள், சிலர் வேண்டுமென்றே பரப்பினார்கள். நிறுவனம் சர்வர்களை மீட்டமைத்து அதை நிறுத்த வேண்டியிருந்தது. தொற்றுநோய் ஆய்வாளர்கள் 2007-ல் மருத்துவ இதழில் கட்டுரை எழுதும் அளவுக்கு அது போனது. அது ஒரு பிழை. இருந்தும் அந்த நாட்களில் அங்கே இருந்தவர்கள் இன்றும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஏனென்றால் என்ன நடக்கிறது என்று யாருக்குமே தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அறிவு குவிந்தாலும் தாக்குப்பிடிக்கும் வடிவமைப்பு என்று நான் மதிப்பது விண்வெளி கேமான ஈவ் ஆன்லைனின் வார்ம்ஹோல் பகுதி. 2009 மார்ச்சில் சுமார் 2,500 நட்சத்திர மண்டலங்களைச் சேர்த்தார்கள், அவற்றை இணைக்கும் நிரந்தரப் பாதை எதுவும் இல்லை. வழிகள் தானாகத் தோன்றும், நேரம் முடிந்தாலோ அதிகக் கப்பல்கள் கடந்தாலோ மூடிக்கொள்ளும். நேற்று போன வழியில் இன்று போக முடியாது. மண்டலத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று மற்ற இடங்களில் சாட் பட்டியல் காட்டிக்கொடுக்கும், இங்கே அதுவும் கிடையாது. எந்த விக்கியும் இன்றைய வழியைச் சொல்ல முடியாது, கூட வந்தவர்தான் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் இதற்கும் வரைபடக் கருவிகள் செய்துவிட்டார்கள், ஆனால் அந்த வரைபடத்தை ஒவ்வொரு நாளும் யாராவது புதிதாக வரைந்தாக வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளாசிக்கின் சாதாரண சர்வருக்குத் திரும்பாதீர்கள், உங்களுக்குத் தேவையானது அங்கே இல்லை. அந்த நிலத்தின் மேல்தான் ஆசை என்றால் 2023 ஆகஸ்டில் திறந்த ஹார்ட்கோர் சர்வர்களில் ஒன்றில் புதுக் கேரக்டர் தொடங்குங்கள். ஒருமுறை செத்தால் கேரக்டர் போச்சு என்பதால், தெரிந்த பாதையிலும் ஆட்கள் நின்று பார்த்து நடக்கிறார்கள், எதிரே வருகிறவரிடம் முன்னால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். கண்டுபிடிக்கும் பிரமிப்பு அதில் இல்லை, ஆனால் கவனமும் பேச்சும் திரும்பியிருக்கின்றன. புதியது வேண்டுமென்றால் வெளியாகும் முதல் நாளே சேருங்கள், ஆறு மாதம் கழித்துப் போய்ப் பயனில்லை. வீடியோ, விக்கி எதுவும் பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொள்ளும் மூன்று நான்கு பேரோடு சேருங்கள். தனியாக விரதம் இருந்தால் கூட வருகிறவர்களின் அவசரம் உங்களைக் கலைத்துவிடும். அமைப்பில் இருந்தால் குவெஸ்ட் குறிகளை அணைத்துவிடுங்கள், ஆனால் முதலில் அந்த கேமின் குவெஸ்ட் வசனங்களில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். குறி இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட கேமில் குறியை அணைத்தால் வெறும் அலைச்சல்தான் மிஞ்சும். வாரத்தில் ஓரிரு இரவுதான் நேரம் கிடைக்கும் என்றால், ஈவ் வார்ம்ஹோல்களில் வாழும் சின்ன கார்ப்பரேஷன் (அங்கே கில்டுக்கு அந்தப் பெயர்) ஒன்றில் சேர்ந்து, வழி தேடும் வேலையை உங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். புதியவர்களுக்கு ப்ரோப் என்ற ஆய்வுக் கருவிகளை விட்டு வழியை ஸ்கேன் செய்யக் கற்றுத்தரும் பழக்கம் அந்தக் கூட்டத்தில் பலரிடம் உண்டு.